பழைய பத்மினியை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி: வரிசை மாறாத முழுமையான வழிகாட்டி

பழைய காரை வீட்டில் வைத்துச் சரிசெய்ய ஆரம்பிப்பவர்களில் நிறையப் பேர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கைவேலை தெரியாததால் நிறுத்துபவர்கள் குறைவு. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை குழம்பியதால் நிறுத்துபவர்களே அதிகம். பெயிண்ட் அடித்த பிறகு தரையில் ஓட்டை தெரியும். எஞ்சினுக்குப் பெரும் செலவு செய்த பிறகு ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) சிக்கல் தெரியும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியது.

உதாரணத்துக்குப் பிரீமியர் பத்மினியை எடுத்துக்கொள்கிறேன். 1089 சிசி பெட்ரோல் எஞ்சின், பின்சக்கர ஓட்டம், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், கார்புரேட்டர். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல வண்டி அமைவது கடினம். அம்பாசடர், ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான், அளவுகள் மட்டும் மாறும்.

1. வண்டியைத் தொடுமுன் ஆர்.சி.யைப் பாருங்கள்

சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் வண்டியிலேயே தேடிப் படித்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். துரு மூடியிருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். கிரைண்டரோ முரட்டு எமரியோ அந்த இடத்தில் படவே கூடாது. எண் அழிந்துபோனால் வண்டி எவ்வளவு அழகாக வந்தாலும் சாலைக்கு வராது.

பத்மினியில் குறிப்பாகப் பார்க்க வேண்டியது எரிபொருள். பெட்ரோல் வண்டியில் பிற்காலத்தில் டீசல் எஞ்சின் மாட்டியவர்கள் உண்டு. அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் எஃப்.சி. (தகுதிச் சோதனை) அன்றுதான் பிரச்சினை வெளியே வரும்.

அடுத்தது பழைய கடன். எப்போதோ கட்டி முடித்த கடன், ஆர்.சி.யில் மட்டும் அப்படியே நிற்கும். கடன் கொடுத்த நிறுவனமே இப்போது இல்லாமல் இருக்கலாம். அதை நீக்கப் படிவம் 35 வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. சாதாரண விற்பனைக்கு 29, 30. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று. இவை கைக்கு வரும் வரை ஒரு போல்ட்டைக் கூடக் கழற்ற வேண்டாம். காகித வேலைக்கு மாதக்கணக்கில் ஆகலாம். கழற்றிய வண்டியைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

தனியார் காருக்குப் பதிவு முதலில் 15 ஆண்டு. அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் படிவம் 25. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, உருமாற்றம் பெரிதாகச் செய்யாத வண்டிக்கு 2021-இல் வந்த விண்டேஜ் விதிகளின்படி தனிப் பதிவு உண்டு. எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்டம் கிடையாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போக ஆசைப்படுபவர் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே நல்லது.

2. எந்த வண்டியை எடுப்பது

எஞ்சின் ஓடாத வண்டியைக் கண்டு பயப்பட வேண்டாம். பத்மினி உற்பத்தி 2000-த்தை ஒட்டி வரை நடந்தது. வீல் சிலிண்டர், கிளட்ச் பிளேட், கேஸ்கெட், பிஸ்டன் ரிங் போன்றவை தேடினால் கிடைக்கும். கிடைக்காதவை வெளி அலங்காரப் பொருட்கள்: முன் கிரில், பம்பர், விளக்கு வளையம், கைப்பிடி, சரியான மீட்டர், உடையாத கண்ணாடி. அதனால் ஓடாத, ஆனால் எல்லாம் முழுதாக உள்ள வண்டியை எடுங்கள். ஓடுகிற, ஆனால் பாதிப் பொருள் காணாமல்போன வண்டி வேண்டாம்.

அதைவிட முக்கியம் தகரம். பத்மினிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரை, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி, தூண்கள் எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. அங்கே துரு என்றால் அது அழகுப் பிரச்சினை இல்லை, பலம் சார்ந்த பிரச்சினை.

வாங்கப் போகும்போது பையில் இரண்டு பொருள் போதும். ஒன்று காந்தம், மெல்லிய துணியில் சுற்றியது. வண்டியின் கீழ்ப்பாதி முழுக்க நகர்த்துங்கள். பிடிப்பு விடுகிற இடத்தில் தகரத்துக்கு மேல் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) கனமாக இருக்கிறது. இரண்டாவது, மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர். கீழே படுத்து, லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளம், பேட்டரி தட்டு, கதவின் அடி விளிம்பு ஆகியவற்றில் அழுத்திப் பாருங்கள்.

உள்ளே தரைவிரிப்பு மேட்டைத் தூக்கினால் தார் ஷீட் ஒட்டியிருக்கும். ஏமாற வேண்டாம். தார் ஷீட் கெட்டியாக, கறுப்பாக, முழுதாக இருக்கும். அதன் ஓரத்தை நகத்தால் நெம்பித் தூக்கினால் அடியில் செதில் செதிலாகப் பழுப்புத் துரு உதிரும், சில இடங்களில் நேரே தெரு தெரியும். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தை இப்படிப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

3. இடம், கருவி, பாதுகாப்பு

கூரையுள்ள இடம் வேண்டும். கார் நின்றது போக இரண்டு பக்கமும் கதவு முழுதாகத் திறக்க வேண்டும், முன்னால் ஒரு ஆள் குனிந்து நிற்க வேண்டும். தரை கான்கிரீட்டாக இருக்கட்டும். மண் தரையில் ஜாக்கி இறங்கும்.

தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது பரவலான தவறு. அடியில் ஈரம் தங்கி, வெயிலில் வேர்த்து, துரு வேகமாகப் பரவும். காற்றுப் புகும் துணிக் கவர் போடுங்கள்.

பத்மினி நட்டு, போல்ட் மில்லிமீட்டர் அளவு. அம்பாசடரில் அங்குல அளவு வரும். வண்டிக்கேற்ற ரிங் ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் செட் முதலில் வாங்குங்கள். ஓப்பன் ஸ்பேனரால் இறுகிய நட்டைத் திருப்பினால் முனை மழுங்கிவிடும். அதோடு டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், கம்ப்ரஷன் கேஜ். கடைசி மூன்றும் விலை அதிகமில்லை, ஆனால் ஊகத்தைக் குறைக்கும்.

ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டுதான் தாங்குவதற்கு. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்குவது வேண்டவே வேண்டாம். ஹாலோ பிளாக் எச்சரிக்கை தராமல் ஒரே நொடியில் நொறுங்கும். ஏபிசி வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை தொடங்கும் முன் தினமும் பேட்டரியின் எர்த் கழற்றப்பட வேண்டும்.

4. மொத்தமாகக் கழற்றாதீர்கள்

புதிதாகத் தொடங்குபவர் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. விடுமுறை நாளில் உற்சாகத்தோடு நண்பர்கள் சேர்ந்து சீட், கதவு, டேஷ்போர்டு, வயர், விளக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றிவிடுவார்கள். போல்ட் எல்லாம் ஒரே டப்பாவில். ஆறு மாதம் கழித்து சென்னையில் மேடவாக்கத்திலோ சேலையூரிலோ ஏதோ ஒரு வீட்டு போர்டிகோவில் அந்த வண்டி கூடாக நிற்கும், சாமான்கள் அரிசிச் சாக்கில் மாடிப்படிக்கு அடியில் கிடக்கும். எந்தப் போல்ட் எங்கே என்று யாருக்கும் நினைவிருக்காது. அப்படி நின்றுபோன வண்டிகளைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது, ஏனென்றால் அவற்றில் பல நல்ல வண்டிகள்.

ஒரு நேரத்தில் ஒரு அமைப்பு மட்டும். பிரேக் என்றால் பிரேக். அது முடிந்து மாட்டிய பிறகுதான் அடுத்தது.

கழற்றும் முன் மூன்று படம் எடுங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, அருகில் ஒன்று, போல்ட்டைத் தளர்த்திய நிலையில் ஒன்று. வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பதைச் சொல்வது மூன்றாவது படம்தான். ஒவ்வொரு இடத்துப் போல்ட்டுக்கும் தனி ஜிப் கவர், உள்ளே ஒரு சீட்டு. முடிந்தால் போல்ட்டை அதன் துளையிலேயே இரண்டு சுற்று திருப்பி வைத்துவிடுங்கள், தொலையவே தொலையாது.

கெட்டுப்போன ரப்பர், முறிந்த கிளிப், ஓட்டை விழுந்த தகரம் எதையும் புதியது மாட்டி முடியும்வரை எறிய வேண்டாம். கடையில் காட்ட மாதிரி அதுதான். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சாமான் தேடும்போதும் சரி, ஜி.பி. ரோட்டில் புதியது கேட்கும்போதும் சரி, பேரைச் சொல்வதைவிடச் சாமானைக் கையில் எடுத்துக் காட்டினால்தான் வேலை ஆகும். பத்மினியில் வருடத்துக்கு வருடம் சின்னச் சின்ன மாற்றம் இருக்கிறது.

5. தூங்கும் எஞ்சினை எழுப்புவது

தகர வேலைக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். காரணம் பணம். எஞ்சினுக்கு ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது) தேவையா, வெறும் சுத்தம் போதுமா என்று தெரிந்தால்தான் மொத்தச் செலவைக் கணக்கிட முடியும்.

பல வருடம் நின்ற வண்டியில் புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்புவது பெரிய தவறு. சிலிண்டர் சுவரில் ஆயில் காய்ந்திருக்கும், பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டியிருக்கலாம், பேரிங்கில் ஆயில் படலமே இருக்காது. செல்ஃப் மோட்டாரின் வலு அந்த ரிங்கை உடைக்கப் போதும்.

சரியான வழி இது. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு மூன்று ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, துளையைத் துணியால் மூடி, இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். ஹேண்டில் இல்லையென்றால் டாப் கியரில் போட்டு வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கலாம். அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், இன்னும் ஆயில் விட்டு இன்னும் சில நாள் பொறுங்கள். பொறுமையில் தானாக விட்ட எஞ்சின்கள் நிறைய. வலுவில் விட்டவற்றில் பிற்பாடு புகை வரும்.

சுற்ற ஆரம்பித்ததும் பழைய ஆயிலை இறக்குங்கள். டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் மெல்லிய சவ்வு) கிழிந்து எஞ்சினுக்குள் பெட்ரோல் இறங்கியிருக்கிறது. ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

புது ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, பிளக் இல்லாமலேயே செல்ஃபில் விட்டு விட்டுச் சுற்றுங்கள், ஆயில் விளக்கு அணையும் வரை. பிளக் இல்லாததால் அழுத்தம் இல்லை, பேரிங்குக்குப் பாரமில்லாமல் ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறும்.

இப்போது கம்ப்ரஷன் சோதனை. நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வ் சரியாக உட்காரவில்லை. பல நாள் நின்ற எஞ்சினில் வால்வ் கோளாறு சகஜம், ஹெட்டை மட்டும் இறக்கி லேப்பிங் செய்தால் (வால்வை அது உட்காரும் இடத்தோடு தேய்த்துப் பொருத்தினால்) தீர்ந்துவிடும். இந்த ஒரு சோதனை தேவையில்லாத ரீபோர் செலவைத் தடுக்கும்.

பெட்ரோல் டேங்கை நம்ப வேண்டாம். அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சின்ன கேனிலிருந்து புதுப் பெட்ரோல் குழாய் வழியாகப் பம்புக்குக் கொடுங்கள். பழைய பெட்ரோல் பிசினாகி, துருவோடு சேர்ந்து கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் வரும் நுண்துளையை) அடைக்கும். ஜெட்டைச் சுத்தம் செய்யும்போது கம்பி விடக் கூடாது. துளை கொஞ்சம் பெரிதானாலும் பெட்ரோல் கலவை மாறிவிடும். கிளீனர் தெளித்துக் காற்றடித்தால் போதும்.

பெட்ரோல் ரப்பர் குழாய் அனைத்தையும் மாற்றுங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி மென்மையாகி, வெடித்துக் கசியும், அதுவும் சூடான எஞ்சினுக்கு மேலேயே. எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். பம்ப் டயாஃப்ரத்துக்கும் இதே விதி.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்டை நைசான எமரியால் சுத்தம் செய்து, கையேட்டில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் வையுங்கள். சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-4-2. பிளக் வயரை மாற்றி மாட்டிவிட்டு கார்புரேட்டரைக் குறை சொல்பவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

6. எஞ்சினைத் திறக்க வேண்டிவந்தால்

பத்மினியின் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒருமுறை அதிகமாகச் சூடேறியிருந்தால் ஹெட் வளைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. லேத்தில் கொடுத்துச் சமதளம் பார்த்த பிறகே புது கேஸ்கெட் போட வேண்டும். இல்லாவிட்டால் புது கேஸ்கெட்டும் சில நாளில் போய்விடும்.

இந்தியாவில் 2000 பிப்ரவரியிலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது. பழைய எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுக்கு (வால்வ் உட்காரும் வளையத்துக்கு) அந்த ஈயம் ஒரு பாதுகாப்பாக இருந்தது. ஹெட் லேத்தில் இருக்கும்போதே சீட்டைப் பார்க்கச் சொல்லி, தேய்ந்திருந்தால் கடினமான சீட் போட்டுவிடுங்கள். மறுபடி ஹெட்டை இறக்கும் வேலை மிச்சம்.

மாட்டும்போது ஹெட் நட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று கட்டமாக டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் ஹெட் நடுவில் தூக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர் பட்டறைகளில் ஒரு பழக்கம், வெயில் ஊர் என்று காரணம் சொல்வார்கள். அது தவறு. எஞ்சின் தனக்குரிய சூட்டை எட்டாமல் ஓடினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். சூடேறும் வண்டிக்கு ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதும், தண்ணீர் பம்பைப் பார்ப்பதும்தான் மருந்து. குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றினால் அலுமினியம் அரிக்கும், கூலன்ட் கலந்தே ஊற்றுங்கள்.

லேத்தில் எஞ்சின் இருக்கும் நாட்கள் வீண் இல்லை. காலியான எஞ்சின் அறையில் துரு எடுத்துப் பிரைமர் அடிக்க இதைவிட வசதி வராது.

7. நிறுத்தத் தெரிந்த பிறகே ஓட்டுவது

எஞ்சின் உயிர் பெற்றதும் தெருவில் ஒரு சுற்று போகத் தோன்றும். பிரேக் முடியும் வரை கூடாது.

பழைய பிரேக்கில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே சுற்று. எங்கே கசிந்தாலும் மிதி மொத்தமாகத் தரைக்குப் போய்விடும். அதனால் ஒரு வீல் சிலிண்டர் மட்டும் கசிகிறது என்று அதை மட்டும் மாற்ற வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரச் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ், துருவேறிய இரும்புப் பைப் அனைத்தையும் ஒருசேரப் புதுப்பியுங்கள். நாள்பட்ட ஹோஸ் வெளியே நன்றாக இருந்தும் உள்ளே வீங்கி அடைபடும். பிரேக் பிடித்துவிட்டு விடாமல் நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டி அகற்றுங்கள்.

பிரேக் குழாயிலிருந்து காற்றெடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் அது இடது பின்சக்கரம். பிறகு வலது பின், இடது முன், வலது முன். பிரேக் ஆயில் குப்பி புதிதாகத் திறந்ததாக இருக்கட்டும், திறந்து வைத்தது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஆயில் பெயிண்டை உரிக்கும் என்பதால், பிரேக் வேலை முழுவதும் பெயிண்டுக்கு முன்னால் முடிய வேண்டும்.

டயரின் பட்டன் (சாலையில் படும் வெட்டு) தேய்வை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. அந்த நான்கு இலக்கமே இல்லாத டயர் 2000-த்துக்கு முந்தையது. பட்டன் புதிதுபோல் இருந்தாலும் நின்றே கிழடாகிப்போன ரப்பர் வெடிக்கும்.

ஸ்டியரிங்கில் கியர் உள்ள வண்டியில் கியர் விழவில்லை, ஆட்டம் அதிகம் என்றால் உடனே கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். ஸ்டியரிங் தண்டிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகும் கம்பிகளின் புஷ் தேய்ந்திருக்கும். ஒருவர் உள்ளே கியரை அசைக்க, இன்னொருவர் பானட்டைத் திறந்து எந்த மூட்டில் அசைவு தொலைகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். சின்னச் செலவில் முடியும் வேலை.

8. தகர வேலை

இங்கேதான் பணமும் காலமும் அதிகம் போகும். வெல்டிங் தெரியாதவர் டிங்கரிடம் கொடுக்கலாம், ஆனால் கூட நின்று வரிசையைக் கவனிக்க வேண்டும்.

பெட்ரோல் டேங்க் வண்டியில் இருக்கும்போது வெல்டிங் கூடாது. காலி டேங்க் என்பது பாதுகாப்பு ஆகாது. உள்ளே தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

கதவுக்குக் கீழுள்ள பெட்டியை வெட்டுமுன், கதவு இடைவெளியின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டு அடியுங்கள். தாங்கும் பகுதியை வெட்டியதும் உடல் தொய்யும், அந்த நிலையில் புதுத் தகரம் வைத்து அடித்தால் தொய்வு நிரந்தரமாகிவிடும். அப்புறம் எந்தக் கதவும் மூடாது. ஒரு பக்கம் முழுதாக முடித்துக் கதவை மாட்டி மூடிப் பார்த்த பிறகே மறுபக்கம். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை வேலைக்கு முன்பே அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தரைக்கு 18 அல்லது 20 கேஜ் சி.ஆர். ஷீட் (துத்தநாகம் பூசாத தகரம்) சரி. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் வேண்டாம், வெல்டு அடிக்கும்போது துத்தநாகப் புகை உடம்புக்குக் கெடுதல், வெல்டும் சுத்தமாகப் பிடிக்காது. துருப்பிடித்த தகரத்தின் மேலேயே புதுத் தகரத்தை ஒட்டுப்போடுவது மிகப் பரவலான குறுக்குவழி. இரண்டு தகரத்துக்கு நடுவே ஈரம் தங்கி, அடுத்தடுத்த மழைக்காலங்களில் புதியதும் போய்விடும். நல்ல தகரம் வரும் வரை வெட்டி எடுத்தே ஆக வேண்டும்.

மெல்லிய தகரத்துக்கு சிஓ2 வெல்டிங் நல்லது, கேஸ் வெல்டிங்கின் சூட்டில் பெரிய பரப்பு நெளியும். ஒரே கோடாக இழுக்காமல் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி, ஆறியதும் நடுவில் ஒரு புள்ளி என்று போக வேண்டும்.

கதவின் அடியிலும் பெட்டியின் அடியிலும் தண்ணீர் வடியச் சிறு துளைகள் உண்டு. டிங்கரிங் முடிந்த வண்டிகளில் இவை பெரும்பாலும் பட்டியால் அடைபட்டிருக்கும். திறந்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். துரு முதலில் வந்ததே அங்கிருந்துதான்.

9. பிரைமர், பட்டி, பெயிண்ட்

சென்னை போன்ற கடலோர ஊரில் காலையில் தேய்த்த வெறும் தகரம் மறுநாள் மஞ்சள் பூத்துவிடும். அதனால் அன்று பிரைமர் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் அன்று தேயுங்கள். முதல் பூச்சு எபாக்ஸி பிரைமர். சாதாரணப் பிரைமர் ஈரத்தை உள்ளே விடும்.

பட்டி பள்ளத்தை நிரப்ப, ஓட்டையை அடைக்க அல்ல. சில மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் அந்த இடத்தில் சுத்தியல் வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள். பட்டியைக் கட்டை வைத்துத்தான் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் அழுத்திய இடமெல்லாம் பள்ளமாகி, பளபளப்பு வந்ததும் அலை அலையாகத் தெரியும். 80 எண் எமரித் தாளில் தொடங்கி 180, 320. பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு பிற்பாடு கொப்புளமாகக் கக்கும். சர்ஃபேசர் பிரைமருக்கு (பட்டிக்கு மேல் பரப்பைச் சமன்செய்யும் பூச்சுக்கு) மேல் தண்ணீரோடு 600 சரி.

ஐப்பசி, கார்த்திகையில் பெயிண்ட் வேண்டாம். ஈரக்காற்றில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் வெளுத்துப்போகும். பொங்கலுக்கு அப்புறம் நாள் பாருங்கள். இரு கலவை பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடிப்பதென்றால் வீட்டில் வேண்டாம், அதன் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகக்கவசம் தடுக்காது. தேய்க்கும் வேலையை நீங்கள் முடித்துக் கடைசிப் பூச்சை மட்டும் பெயிண்ட் பூத் (மூடிய பெயிண்ட் அறை) உள்ள இடத்தில் கொடுங்கள்.

நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். என் கருத்தில் முதல் நிறத்தையே அடிப்பது நல்லது. மீட்டருக்குப் பின்னாலோ டேஷ்போர்டுக்கு அடியிலோ பழைய நிறம் வெயில் படாமல் இருக்கும், அதைக் காட்டிக் கலவை போடச் சொல்லலாம்.

10. வயரிங்

பெயிண்டுக்குப் பின், சீட்டுக்கு முன். பழைய வயரின் மேலுறை கையில் உடைந்தால் ஒட்டுப்போட வேண்டாம், முழுதாக மாற்றுங்கள். பழைய கட்டை மேஜையில் விரித்து, அதே நீளத்தில், அதே நிறத்தில் ஒவ்வொன்றாகச் செய்தால் படம் பார்க்கத் தெரியாதவரும் முடிக்கலாம்.

புதுப் பெயிண்ட் அடித்த வண்டியில் விளக்கு மங்கலாக எரிவதற்கு எர்த்தைப் பாருங்கள். எர்த் திருகும் இடத்தில் பெயிண்ட் மூடியிருக்கும். அந்த இடத்தை மட்டும் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். எஞ்சினுக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள தடித்த எர்த் பட்டையைத் திரும்ப மாட்ட மறப்பவர்கள் உண்டு. செல்ஃப் சுற்றாது, ஆக்ஸிலேட்டர் கம்பி சூடாகும். ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டால் சுவிட்ச் கருகாது, வெளிச்சமும் கூடும்.

11. ரப்பர், கண்ணாடி, சீட்

இதில் சொல்ல அதிகமில்லை. ரப்பர் பீடிங் எல்லாம் பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு. முன் கண்ணாடியை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள், அசலாக வந்த கண்ணாடி உடைந்தால் அதே தரத்தில் மறுபடி கிடைப்பது சந்தேகம். சீட் தைக்கும் முன் தரையில் தண்ணீர் ஊற்றி, வெளியே ஹோஸ் அடித்து, எங்கும் கசிவில்லை என்று உறுதி செய்யுங்கள். புது மேட்டுக்கு அடியில் ஈரம் தங்கினால் இரண்டாவது பகுதியில் பார்த்த கதைதான்.

12. சாலைக்கு வரும் முன்னும் பின்னும்

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி, பகலில், ஒரு நண்பர் துணையோடு. திரும்பி வந்ததும் நான்கு டிரம்மையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பிரேக் விடவில்லை. வண்டிக்கு அடியில் இரவு முழுக்க ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறை எங்கே, என்ன நிறம் என்று பார்த்தால் கசிவின் இடமும் வகையும் தெரியும்.

ரீபோர் செய்த எஞ்சின் என்றால் முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, கையேடு சொல்லும் முறைப்படி ஹெட் நட்டைச் சரிபாருங்கள். 1,000 கிலோமீட்டர் வரை விரட்ட வேண்டாம், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போகவும் வேண்டாம். வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினால் ரிங் சுவரோடு நன்றாகப் படியும்.

எஃப்.சி.க்குப் போகும் முன் ஹார்ன், வைப்பர், எல்லா விளக்கு, ஹேண்ட் பிரேக், நம்பர் பிளேட், காப்பீடு, புகைச் சான்று இவற்றைப் பாருங்கள். புகை அளவு கூடினால் முதலில் ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டர் கலவையையும் பார்த்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பசுமை வரி பாக்கி இருந்தால் அதையும் கட்டி ரசீதைக் கையோடு கொண்டுபோங்கள்.

அப்புறம் வாரம் ஒருமுறையாவது எஞ்சின் முழுச் சூடேறும் வரை ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதில் பயனில்லை, சைலன்சரில் தண்ணீர் தங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும். மாதக்கணக்கில் வெளியூர் போவதானால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்து, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.